அடிக்கடி தொடர்பு அறுபடும் பென்டிரைவ்: காரணங்களும் பரிகாரமும்

கிராமங்களில் திரட்டிய கணக்கெடுப்பு விவரங்களையும், மாணவர்களின் மதிப்பெண் பட்டியல்களையும் கொண்டு செல்வதற்குப் பென்டிரைவ் எனப்படும் சிறு சேமிப்புக் கருவி பெரிதும் உதவுகிறது. இணைய வசதி குன்றிய இடங்களில் இதன் பயன் இன்னும் அதிகம். எனினும், மடிக்கணினியில் செருகிய சில நிமிஷங்களுக்குள் இக்கருவி தானாகவே தொடர்பு அறுபட்டு, மீண்டும் இணைந்து, மறுபடியும் அறுபடுவது உண்டு. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் இவ்வாறு நேர்ந்தால் அக்கோப்பு மட்டுமன்றி, எக்கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்று காட்டும் உள் அட்டவணையும் சிதைந்துவிடக்கூடும். ஆகவே இக்கோளாறை அற்பமாகக் கருதுதல் தகாது.

முதற் கடமை

பழுது பார்க்கத் தொடங்குமுன் விவரங்களைக் காப்பாற்றுதல் வேண்டும். கருவி இயங்கும் சிறிது நேரத்திற்குள், இன்றியமையாத கோப்புகளை ஒவ்வொன்றாக மடிக்கணினிக்குப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக எதையும் அதில் எழுதலாகாது. 'ஃபார்மட்' செய்யலாமா என்று திரையில் வினா எழுந்தால் இசைவு தரக் கூடாது.

தொடர்பு அறுவது ஏன்?

யு.எஸ்.பி. இணைப்பு முறை 1996-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. 2000-ஆம் ஆண்டில் வந்த 2.0 வகைச் செருகியில் நான்கு உலோகத் தொடுமுனைகள் உள்ளன. இரண்டு மின்சாரத்திற்கும், இரண்டு செய்திப் போக்குவரத்திற்கும் உரியவை. தூசி, களிம்பு, தளர்ந்த போர்ட் ஆகியவற்றால் இத்தொடுமுனைகள் கணநேரம் விலகினும், கருவி பிடுங்கப்பட்டதாக மடிக்கணினி கொள்ளக்கூடும்.

இரண்டாவது காரணம் மின்சாரக் குறைவு. 2.0 வகைப் போர்ட் ஒன்று 5 வோல்ட் அழுத்தத்தில் ஒரு கருவிக்கு 500 மில்லி ஆம்பியர் வரை அளிப்பதற்கு வகுக்கப்பட்டது; 3.0 வகையில் இது 900 மில்லி ஆம்பியர். தனி மின்வசதியற்ற 'ஹப்' ஒன்றில் பல கருவிகளைச் செருகினால், இச்சிறு அளவை அவை அனைத்தும் பங்கிட்டுக்கொள்ள நேரிடும். மூன்றாவது, பாட்டரியைச் சிக்கனப்படுத்துவதற்காக மடிக்கணினியே போர்ட்டை உறங்கச் செய்தல். நான்காவது, பென்டிரைவினுள் பற்றுவைப்பு விட்டுப்போதல் போன்ற உட்பழுது.

கண்டறியும் முறை

வயற் சோதனையில் ஒரே சமயத்தில் உரத்தையும் விதையையும் மாற்றினால், விளைச்சல் எதனால் மாறிற்று என்று கூற இயலாது. இங்கும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். முதலில் ஹப்பை நீக்கி, பென்டிரைவை நேராக மடிக்கணினியில் செருகுக. பின்னர் வேறு போர்ட்டிலும், அதன் பின் வேறு மடிக்கணினியிலும் சோதிக்க. ஒரு போர்ட்டில் மட்டும் தொடர்பு அறுபட்டால் குறை அப்போர்ட்டினது. எங்கு செருகினும் அறுபட்டால் குறை பென்டிரைவினது. ஒரு மடிக்கணினியின் எல்லாப் போர்ட்டுகளிலும் எல்லாப் பென்டிரைவுகளும் அறுபட்டால் அம்மடிக்கணினியின் அமைப்பை ஆராய்க. மாணவர்க்குச் சோதனை முறையை விளக்க ஆசிரியர்களுக்கு இது நல்லதோர் உதாரணமுமாகும்.

பரிகாரம்

போர்ட்டைத் துப்புரவு செய்யுமுன் மடிக்கணினியை முற்றிலும் நிறுத்தி, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை அகற்ற வேண்டும். ஊசி, ஈரத்துணி ஆகியன கூடா. விண்டோஸ் இயங்கும் மடிக்கணினியில், 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட்' என்னும் ஏற்பாடு காணப்பட்டால் அதை நிறுத்தலாம். 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் 'யு.எஸ்.பி. ரூட் ஹப்' என்பதைத் திறந்து, மின்சிக்கனத்திற்காகக் கருவியை அணைக்க இசைவு தரும் குறியை நீக்குவதும் பலன் தரும். இதனால் பாட்டரிச் செலவு சற்றே கூடலாம்.

பென்டிரைவே பழுதானதெனத் தெளிந்தால், பிரதி எடுத்தபின் அதனை ஒதுக்கிவிடுதலே நலம். சில நாள் ஒழுங்காக இயங்கினும் அதனை மீண்டும் நம்பலாகாது. நல்ல பென்டிரைவையும் 'எஜெக்ட்' கட்டளை கொடுத்த பின்னரே பிடுங்க வேண்டும். மீண்டும் திரட்ட இயலாத விவரங்களை ஒரே கருவியில் வைத்திராமல், வேறோர் இடத்தில் மற்றொரு பிரதி வைத்திருப்பது அவசியம்.