குவாண்டம் கணினிக்கு முன்பே ஒரு காவல்

கைபேசியில் நீங்கள் பணம் அனுப்பும்போது அந்தத் தகவல் சங்கேத வடிவில்தான் இணையத்தில் பயணிக்கிறது. இதற்குப் பல ஆண்டுகளாகத் துணை நிற்பது ஒரு கணிதம். 61-ஐயும் 53-ஐயும் பெருக்கினால் 3,233. பெருக்குவது சுலபம். 3,233-ஐ மட்டும் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கல் என்று கேட்டால் திணறுவோம். அதுவே 600 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண் என்றால், இன்றைய சூப்பர் கணினியும் கைவிரித்துவிடும். இந்தக் கடினம்தான் சங்கேதத்தின் பூட்டு.

ஆனால், ஆற்றல் மிக்க குவாண்டம் கணினி இருந்தால் அந்த எண்ணையும் விரைவில் பிரித்துவிடலாம் என்று 1994-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டினார். அப்படிப்பட்ட கணினி இன்னும் உருவாகவில்லை. என்றாலும், இன்று திருடிச் சேமித்து வைக்கும் தகவலை நாளை அது திறந்துவிடக்கூடும்.

அதனால் 2016-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், புதிய சங்கேத முறைகளை அனுப்பும்படி உலக ஆய்வாளர்களை அழைத்தது. சோதனை கடுமையாக இருந்தது. நம்பிக்கை தந்த 'சைக்' என்ற முறையை, 2022-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியிலேயே சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். தேறிய முறைகளில் மூன்று, 2024 ஆகஸ்ட்டில் தரநிலைகளாக வெளிவந்தன.

இந்தப் பாதுகாப்பு, மென்பொருள் புதுப்பிப்பு வழியாகத்தான் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும். புதுப்பிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.