நீர்வெறுப்பு நோயும் உறுப்புக் கொடையும்

கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் மூதூர் மக்களுக்கு விசர்நாய்க்கடி புதிதன்று. 1973ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 377 உயிர்களைக் கொண்ட நீர்வெறுப்பு நோய், நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டதன் பயனாக இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும், நாய் கடியாமலே, இறந்தவர் ஈந்த உறுப்பின் வழியாகவும் இந்நோய் தொற்றக்கூடும் என்பதை அறிந்தோர் சிலரே. கண்தானத்திற்குப் பெயர்பெற்ற நாட்டினராகிய நாம் இதனை அறிந்திருத்தல் தகும்.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விழிவெண்படலம் பொருத்தப்பெற்ற ஒருவர் இந்நோயால் மாண்டமையே இவ்வகையில் முதன்முதல் பதிவான நிகழ்ச்சியாகும். 1980களின் பிற்பகுதியில் இந்தியாவில் ஒரே கொடையாளரின் விழிவெண்படலங்களைப் பெற்ற இருவரும் அவ்வாறே இறந்தனர்.

இவற்றினும் விரிவாக ஆராயப்பட்டது ஜேர்மனியில் நிகழ்ந்ததாகும். இந்தியாவிற்குச் சென்று மீண்ட இளம் பெண்ணொருவர் 2004ஆம் ஆண்டின் இறுதியில் அங்கு இறந்தார். அவருடலில் இந்நோய் இருந்ததென எவரும் ஐயுறவில்லை. நுரையீரல் பெற்றவர், சிறுநீரகம் பெற்றவர், சிறுநீரகத்தோடு கணையமும் பெற்றவர் ஆகிய மூவரும் மாண்டனர். ஈரல் பெற்றவரோ பிழைத்தார். அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே இந்நோய்க்கான தடுப்பூசி பெற்றிருந்தவர். விழிவெண்படலம் பெற்ற இருவருக்கும் அவை அகற்றப்பட்டன, அவர்களும் பிழைத்தனர்.

இவ்வைரசு குருதியில் அன்றி நரம்புகளின் வழியே செல்வது. மூளையை அடைந்தபின் அங்கிருந்து மீண்டும் நரம்புகளின் வழியே ஏனைய உறுப்புகளுக்குப் பரவுகின்றது. ஆதலின், ஈரலழற்சி, எயிட்சு முதலியவற்றைக் காட்டும் குருதிச் சோதனைகள் இதனைக் காட்டமாட்டா. புதிய உறுப்பை உடல் விலக்காதிருக்கக் கொடுக்கப்படும் மருந்துகள் நோயெதிர்ப்பு ஆற்றலை ஒடுக்குவதால் வைரசின் வேலை மேலும் எளிதாகின்றது.

எனவே, கொடையாளரின் உறவினரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியே பெரிதும் பயன்படுவது: அண்மையில் ஏதேனும் விலங்கு கடித்ததா, கீறியதா? விடை பெறுதல் எளிதன்று. குட்டி நாயின் பல் பட்ட சிறு கீறலை வீட்டார் மறந்துவிடுவர். நோயோ ஓராண்டு கழிந்தும் தோன்றலாம். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஒரே கொடையாளரின் உறுப்புகளாலும் நாளத்துண்டாலும் நால்வர் மாண்டபின்னரே, அவரை வௌவால் கடித்திருந்தது என்பது வெளிவந்தது.

காலந்தாழ்த்தி அறிந்தாலும் பயனுண்டு. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒருவரின் உறுப்புகள் நால்வருக்குப் பொருத்தப்பட்டன. சிறுநீரகம் பெற்ற ஒருவர் 2013ஆம் ஆண்டில் நீர்வெறுப்பு நோயால் இறந்ததும், எஞ்சிய மூவருக்கும் தடுப்பூசி ஏற்றப்பட்டது. அம்மூவரிடமும் நோய் தோன்றவில்லை.