"என் குரல் எனக்கே கேக்கலியே!"
மேடைப் பாடகர்கள் தவிப்பு: சின்னப் பெட்டி இருந்தால் தீரும்

சென்னை-
தி.நகர் கல்யாண மண்டபத்தில் மெல்லிசைக் கச்சேரி. டிரம்ஸ் அதிருகிறது, கீபோர்டு முழங்குகிறது. பாடுகிறவருக்கு மட்டும் தன் குரல் கேட்பதில்லை! கத்திப் பாடுகிறார். நாலாவது பாட்டில் தொண்டை கட்டிவிடும். சுருதியும் விலகும்.

"அண்ணே, மானிட்டரைக் கூட்டுங்க!" என்று மைக்செட்காரருக்குச் சைகை பறக்கும். அவர் கூட்டினால் 'கூ...' என்று ஒரே ஊளை! பெட்டியில் வரும் சத்தம் திரும்ப மைக்கிலேயே புகுவதுதான் காரணம்.

ஆளுயரப் பெட்டி எதற்கு?

மண்டபமானாலும் மயிலாப்பூர் சபாவானாலும் குரலுக்கு மட்டும் என்றால் 5, 6 அங்குல ஸ்பீக்கர் போதும். மைக் ஸ்டாண்டிலேயே மாட்டும் ரகமும் உண்டு. பக்கத்தில் முழு டிரம்ஸ் செட் இருந்தால் 8 அங்குலம் பார்க்கலாம்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். பெட்டியைப் பாதித் தூரத்துக்கு இழுத்தால் சுமார் 6 டெசிபல் கூடும். இதற்குக் காசு செலவில்லை!

மைக்குக்குக் காது மந்தம்

'கார்டியாய்டு' மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். பெட்டி நேர் பின்னால் இருக்கவேண்டும். 'சூப்பர் கார்டியாய்டு' என்றால் பின்பக்கமும் கொஞ்சம் கேட்கும்; பெட்டியைச் சற்று ஓரமாகத் தள்ளவேண்டும். மைக் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இரண்டும் வீண். (ஸ்டைல் என்று பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள்!)

ரிச்சி தெருவில் வாங்கப் போகிறவர்கள் சொந்த மைக்கை எடுத்துப் போய்க் கடையிலேயே பாடிப் பார்ப்பது நல்லது. ரெக்கார்டு பாட்டுப் போட்டுக் காட்டினால் எந்தப் பெட்டியும் இனிக்கும். எவ்வளவு கூட்டினால் ஊளை கிளம்புகிறது என்று பார்க்கவேண்டும். அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது 'பீக்' வாட். தொடர்ந்து தாங்கும் வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்கவேண்டும்.