பிரிவதற்கு முன்பே உருவாகும் வாய்

குற்றிழையுயிரிகள் ஒற்றைச் செல்லாலான நுண்ணுயிர்கள். உடலைப் போர்த்திய இழைகளை அசைத்து நீந்தும். பாக்டீரியா போன்றவற்றை வாய்வழியே உட்கொள்ளும். குளம் குட்டைகளில் மட்டுமல்ல, மண்துகள்களுக்கு இடையே தங்கும் நீர்ப்படலத்திலும் ஈரப்பாசியிலும் அவை வாழ்கின்றன. மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தாவுக்கு வடக்கே பிரிஞ்சாங் மலையின் பாசிக்காடும், அதன் சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டத்து மண்ணும் இத்தகைய வாழிடங்களே.

இவற்றின் வாய் வெறும் துளையன்று. பல இனங்களில், நெருக்கமாக அமைந்த இழைகள் தகடுகள்போல் சேர்ந்தசைந்து நீரோட்டத்தை எழுப்பி, இரையை வாய்க்குழிக்குள் தள்ளுகின்றன. குற்றிழையுயிரி பெரும்பாலும் குறுக்காகப் பிரியும். வாய் முன்பாதியில் இருந்தால் பின்பாதிக்கு வாய் கிடைக்காது. ஆகவே, பல இனங்களில் உடல் இரண்டாகும் முன்பே இன்னொரு வாய் உருவாகிவிடுகிறது.

ஒவ்வோர் இழையும் ஓர் அடித்துகளிலிருந்து எழுகிறது. புதிய வாய்க்கும் இந்த அடித்துகள்களே மூலப்பொருள். சுமார் 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள டெட்ராஹைமீனா என்ற குற்றிழையுயிரியில், வாய்க்குப் பின்னால் செல்லும் குறிப்பிட்ட இழைவரிசை ஒன்றை ஒட்டி, உடலின் நடுப்பகுதியில் அடித்துகள்கள் பெருகுகின்றன. முதலில் ஒழுங்கற்ற திரளாக இருக்கும் அவை, பின்னர் இணையிணையாகி வரிசை கட்டுகின்றன. இவ்வாறு புதிய வாய்க்குரிய மூன்று இழைத்தகடுகளும் ஓர் அலைச்சவ்வும் உருவாகின்றன. அதன்பின் உடலின் நடுவில் பள்ளம் விழுகிறது. முன்சேய் பழைய வாயை வைத்துக்கொள்ள, பின்சேய் புதிய வாயுடன் பிரிகிறது.

பாரமீசியத்தில் புதிய வாய், பழைய வாயை ஒட்டியே தொடங்கிப் பின்னோக்கி நகர்கிறது. மண்ணிலும் பாசியிலும் பரவலாக வாழும் கால்போடாவின் வழி வேறு. அது தன்னைச் சுற்றி உறை அமைத்துக்கொண்டு, பழைய வாயை முழுதும் கரைத்துவிடுகிறது. உறைக்குள்ளேயே பெரும்பாலும் நான்காகப் பிரிகிறது. ஒவ்வொரு சேயும் தன் வாயைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. எக்காளவடிவ ஸ்டென்டரின் வாய்ப்பட்டையை வெட்டி நீக்கினால், பிரிவின்போது நிகழும் அதே முறையில் சுமார் எட்டு மணி நேரத்தில் அது மறுபடி வளர்த்துக்கொள்கிறது.

இந்தப் படிநிலைகளைத் தெளிவாகக் காண உதவியது வெள்ளிச் சாயமேற்றும் முறை. அதில் ஒரு முக்கிய வடிவத்தை 1930இல் பிரான்சின் ஷாட்டோன், லுவோஃப் இருவரும் வெளியிட்டனர். புதிய வாய் தோன்றும் இடமும் விதமும் இனங்களின் உறவை வகுப்பதற்கான முக்கியச் சான்றுகளாயின. ஆகவே, ஒரு குற்றிழையுயிரியை அறிய அதன் முழுவளர்ச்சியடைந்த உருவம் மட்டும் போதாது. பிரியும்போது வாய் எங்கே, எதிலிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.