வீடு கட்டமுன் குட்டையைப் பார்



கொப்பன்ஹேகன் மெட்ரோவில் ஓர்ஸ்டட் பக்கம் போனவர்கள், மேற்குப் பக்கமாகப் பெரியதொரு வெட்டவெளியைக் கண்டிருப்பீர்கள். அமா ஃபெல்லத் என்பது அதன் பெயர். "பட்டணத்துக்குள் இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே, வீடு கட்டினால் என்ன?" என்று எம்மில் பலர் கேட்டிருப்போம். வாடகை வீட்டுக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர் அப்படிக் கேட்பதில் பிழையில்லை.

இந்தக் கதை 1992இல் தொடங்குகிறது. அந்த ஆண்டின் சட்டப்படி, ஓர்ஸ்டட் நிலத்தை விற்று வரும் பணத்தில் மெட்ரோ கட்டுவதென்று முடிவாயிற்று. 2002இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஆனால் கடன் இருந்தது. ஆகவே நிலமும் விற்கப்பட வேண்டியிருந்தது. முதலில் கடலோரப் புல்வெளிப் பகுதியில் கட்ட நினைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் 2017இல் வேறிடம் தேட உடன்பட்டார்கள். பின்னர் தெற்கே, ஒருகாலத்தில் குப்பை கொட்டி நிரப்பிய ஒரு பகுதியைத் தெரிவுசெய்தார்கள். சுமார் 2,000 வீடுகளுக்கான திட்டத்தை நகரசபை 2021இல் ஏற்றுக்கொண்டது. வானம்பாடிகள் கூடுகட்டும் அந்த இடத்தை, திட்டத்தை எதிர்த்தவர்கள் "லேர்கஸ்லெத்தன்", அதாவது வானம்பாடி வெளி என்று அழைத்தார்கள்.

அங்கேயும் பிரச்சினை வந்தது. முறைப்பாடுகளில் முக்கிய இடம் பிடித்தது ஒரு சிறிய பிராணி. டெனிஷில் அதன் பெயர் "ஸ்டோர் வான்சலமாண்டர்". பார்வைக்குப் பல்லி போன்றது. வாழ்க்கையோ தவளை போன்றது. கறுப்பு முதுகு, செம்மஞ்சள் வயிறு, அதில் கறுப்புப் புள்ளிகள். வசந்தகாலத்தில் ஆணின் முதுகில் பல்லுப்பல்லாக ஒரு கொண்டை எழும்பும்.

இது ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு வாழிடச் சட்டவிதியின் நான்காம் இணைப்பில் உள்ள உயிரினம். அதைக் கொல்லக்கூடாது என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. அது இனம்பெருக்கும் இடத்தையும் தங்கும் இடத்தையும் அழிக்கக்கூடாது. இதுதான் முக்கியம். மீன் இல்லாத, வெயில் படும் குட்டையில் அது முட்டையிடும். முட்டைகளை ஒவ்வொன்றாக நீர்ச்செடி இலையில் மடித்து வைக்கும். குளிர்காலத்திலோ கரையேறி, மரக்கட்டை, கல் இவற்றின் கீழ் ஒளிந்துகொள்ளும். எனவே குட்டையை மட்டும் வேலிபோட்டுக் காத்துவிட்டுச் சுற்றிவரக் கொங்கிறீட் போட்டால், அந்தப் பிராணிக்கு வாழ்வில்லை.

ஒரு நிலத்தில் இது இருக்கிறதா என்று எப்படி அறிவது? ஏப்ரல், மே மாத இரவுகளில் ரோர்ச் லைற் அடித்துக் குட்டையைப் பார்ப்பார்கள். கோடையில் வலையால் குஞ்சுகளைத் தேடுவார்கள். இன்னொரு முறையும் உண்டு: ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, அதில் பிராணி விட்டுச்சென்ற மரபணுத் தடயத்தைச் சோதிப்பது. இம்முறை இந்தச் சலமாண்டருக்கும் சரிவருகிறது என்று கொப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் காட்டினார்கள். இருக்கிறதா என்பதை அது சொல்லும். எத்தனை என்று சொல்லாது. எப்படியானாலும் காலம் தப்பக்கூடாது. டிசம்பரில் குட்டையை எட்டிப்பார்த்து "ஒன்றுமில்லை" என்று எழுதினால் அது ஆய்வல்ல.

இருக்கிறது என்று தெரிந்தால், கட்டடமே கூடாது என்று அர்த்தமில்லை. புதிய குட்டைகள் தோண்டலாம். தாழ்வான வேலி போட்டு, பிராணிகள் வேலைத்தலத்துக்குள் வராமல் தடுக்கலாம். ஆனால் புதுக் குட்டை முதலில் வரவேண்டும். செடி வளர்ந்து, பிராணி வாழத்தக்கதாக வேண்டும். அதன் பிறகே பழையதைத் தொடலாம். வீட்டை இடித்துவிட்டு, "புதுவீடு பிறகு தருகிறோம், அதுவரை வெளியில் இரு" என்று சொல்வதில் என்ன நியாயம்? அது எமக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லாத விடயம்.

சரி, இதில் எமக்கென்ன என்று கேட்கலாம். இருக்கிறது. கோயிலுக்கோ மண்டபத்துக்கோ காணி வாங்க நினைக்கும் சங்கங்கள், கையெழுத்து வைக்கமுன் கொமூனிடம் கேளுங்கள். 100 சதுர மீற்றருக்கு மேற்பட்ட குட்டையும், 2,500 சதுர மீற்றருக்கு மேற்பட்ட சதுப்பும் புல்வெளியும் இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவுக்குள் வரலாம். பொந்துள்ள பழைய மரங்களை நவம்பர் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை வெட்டவும் தடை உண்டு. பின்னர் தெரியவந்தால் காசும் காலமும் வீண்.

அத்தோடு, உங்கள் பகுதிக்கு லோகல்பிளான் வரும்போது கொமூன் "ஹோரிங்" வைக்கும். சாதாரணமாகக் குறைந்தது நான்கு கிழமை அவகாசம். அந்தக் கடிதத்தைத் திறக்காமல் விடாதீர்கள். பிள்ளைகளோடு இருந்து வாசியுங்கள். வீடு வேண்டும் என்று எழுதலாம். குட்டையைக் காப்பாற்று என்றும் எழுதலாம். ஆய்வு எந்த மாதத்தில் நடந்தது என்றும் கேட்கலாம். எழுதுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. சுருக்கமாக எழுதினாலும் போதும். காலக்கெடு முடியமுன் எழுதுங்கள்.