தண்டவாளம் இல்லாத ரயில் பாதை

"டாப் ஸ்டேஷன்னு பேரு இருக்கு, ஸ்டேஷன் எங்கப்பா?" மூணாறு பக்கம் போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்கிற கேள்வி இது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாப் ஸ்டேஷன் டீக்கடையில் ஆளுக்கொரு கிளாஸோடு உட்கார்ந்திருந்தபோது என் நண்பர்களும் இதையே கேட்டார்கள். அங்கிருந்து குண்டளை பக்கமாகப் பழைய ரயில் தடத்தை ஒட்டிச் சாயங்காலம்வரை நடப்பதாகத் திட்டம். தண்டவாளம் எதுவுமே இல்லாத இடத்தில் ரயில் பாதையை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அவர்களுடைய அடுத்த கேள்வி. கண்டுபிடிக்கலாம். அதற்கு முன்னால், அங்கே ரயில் எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கண்ணன் தேவன் மலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. விளைந்த தேயிலையைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும், தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அரிசியும் பருப்பும் மேலே வர வேண்டும். இன்றைக்கு மூணாறு என்றால் கொச்சியோடு சேர்த்தே நினைக்கிறோம். அன்றைய வாசல் கிழக்கே இருந்தது. போடிநாயக்கனூர் சமவெளியில் இருந்து கொட்டகுடி வழியாக மலையேறி வருவதுதான் பிரதான வழி. தோட்டங்களில் பாடுபட்ட தமிழர்களில் பெரும்பங்கினர் கங்காணிகளின் பின்னால் ஏறிவந்ததும் இந்தச் சரிவில்தான். சுமையும் தலையில், பிள்ளையும் இடுப்பில். இந்தத் தடத்தைப் பற்றிப் பேசும்போது துரைமார்களின் பெயரைச் சொல்வதற்கு முன் அவர்களை நினைப்பதுதான் முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

1902இல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷன் பக்கமாக ஒரு வண்டிப் பாதை வெட்டினார்கள். அதன் ஓரமாக ஒரே ஒரு தண்டவாளம் பதித்தார்கள். ஆம், ஒன்றுதான். யூயிங் முறை என்று அதற்குப் பெயர். பெட்டியின் எடையில் ஏறக்குறைய முழுவதையும் அந்த ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சின்னச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ளும். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து விடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வரும். குழந்தைகளின் சைக்கிளில் பக்கத்தில் மாட்டுகிறோமே, அந்தச் சக்கரத்தின் வேலைதான் அதற்கும். இழுத்தவை மாடுகள்.

மாடுதான் இழுக்கப் போகிறது என்றால் தண்டவாளம் எதற்கு என்று ஒரு நண்பர் மடக்கினார். சரியான கேள்வி. இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் உருளும்போது தடை மிகக் குறைவு. சேறும் பள்ளமுமான மலைச்சாலையில் ஒரு ஜோடி மாடு இழுக்கிற சுமையைப்போலப் பல மடங்கை அதே ஜோடி தண்டவாளத்தின் மேல் இழுத்துவிடும். பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானம் 1907இல் இதே முறையில் ஒரு பாதை போட்டது. அதன் எஞ்சின் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. மூணாறுக்காரர்கள் பாட்டியாலாவுக்கு ஐந்து வருடம் முந்திவிட்டார்கள். இந்தியாவின் முதல் ஒற்றைத் தண்டவாள ரயில் ஓடியது இந்தத் தேயிலைக் காட்டில்தான்.

1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டு தண்டவாளப் பாதை போட்டார்கள். நடுவே 2 அடிதான் அகலம், டார்ஜிலிங் ரயிலுக்கு உள்ள அதே அளவு. நீராவி எஞ்சின் வந்தது. மூணாறில் கிளம்பி மாட்டுப்பட்டி, பாலாறு தாண்டி டாப் ஸ்டேஷன் வரும். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். அகலம் குறைந்தால் வளைவுகளை இறுக்கமாகப் போடலாம். மலையை அதிகம் வெட்ட வேண்டாம், செலவும் குறையும். தேயிலைப் பெட்டிகளுக்கு அந்த அகலம் தாராளம்.

இப்போது நடக்கலாம். குண்டளை பக்கம் திரும்பியதும் காலுக்குக் கீழே தார்ச்சாலைதான். "இது ரோடுதானே" என்று நண்பர்கள் ஏமாந்துபோனார்கள். நான் அவர்களைக் கீழே பார்க்கச் சொல்லவில்லை. மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். பேசிக்கொண்டே நடந்தோம், ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. மலையில் நடக்கும்போது மூச்சு வாங்காத பாதை கிடைத்தால், அதற்கு யாரோ கணக்குப் போட்டுச் சரிவு வகுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தக் கணக்கு எளிமையானது. ஒரு டன் எடையுள்ள பெட்டியைச் சமதளத் தண்டவாளத்தில் உருட்ட 5 கிலோ அளவு இழுவிசை போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 அடி போனால் 1 அடி ஏறுகிற சரிவில், பூமி அந்தப் பெட்டியைப் பின்னால் இழுக்கும் விசை மட்டுமே 25 கிலோ. நம் கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாத ஏற்றம் அது. அதற்கே எஞ்சினின் வேலை ஆறு மடங்காகிவிட்டது. வழுக்குகிற இரும்பால்தான் ரயிலுக்கு லாபம், ஏற்றத்தில் அதுவே இடைஞ்சல். மழையில் நனைந்த தண்டவாளத்தில் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும். டார்ஜிலிங்கில் எஞ்சினின் முன்னால் ஆட்கள் உட்கார்ந்து தண்டவாளத்தில் மணல் தூவிக்கொண்டே போவது இதனால்தான்.

ஆகவே ரயில் பாதை போடுகிறவர் மலையோடு மோத மாட்டார். ஒற்றையடிப் பாதை மலையின் மூக்கின் மேல் நேராக ஏறும். கழுதைப் பாதை முன்னும் பின்னும் மடங்கி மடங்கி ஏறும். ரயில் தடமோ ஒரே உயரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் வெளியே வரும். எதிர்ப்பக்கம் கூப்பிடு தூரத்தில் தெரிகிற இடத்துக்கு அரை மணி நேரம் சுற்றிக்கொண்டு போக வைத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சுற்றுதான் அடையாளம். மடிப்பின் உள்மூலையில் ஓடை இருக்கும். ஓடை இருந்தால் அதன் மேல் ஒரு சிறு பாலம் இருந்தாக வேண்டும். குனிந்து பார்க்க வேண்டிய இடம் அது. மேலே எத்தனை முறை தார் போட்டாலும், அடியில் இருக்கும் கல் கட்டுமானத்தை யாரும் அவசியமில்லாமல் பிரிப்பதில்லை. நாட்டில் எந்தக் கைவிடப்பட்ட ரயில் தடத்துக்கும் இந்த மூன்றும் பொருந்தும்: மென்மையான சரிவு, பொறுமையான வளைவு, ஓடைக்கு ஓடை பாலம்.

சரி, இவ்வளவு கணக்குப் போட்டவர்கள் ரயிலை ஏன் போடிவரை இறக்கவில்லை? விளிம்பில் நின்று கீழே பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். மேகம் விலகுகிற நேரத்தில் கொட்டகுடிப் பள்ளத்தாக்கு காலடியில் திறந்துகொள்ளும். ஆயிரம் மீட்டருக்கும் மேலான இறக்கம். 40க்கு 1 சரிவில் ஆயிரம் மீட்டர் இறங்க 40 கிலோமீட்டர் பாதை வேண்டும். செங்குத்தான பாறையில் 40 கிலோமீட்டரை எங்கே மடக்கி வைப்பது? ஊட்டி ரயில் 12க்கு 1 அளவுச் சரிவில் ஏறுகிறது. அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்து, எஞ்சினின் பல்சக்கரத்தை அதில் கோத்திருக்கிறார்கள். அதற்கு ஆகும் செலவு வேறு தரம். தேயிலை மட்டும் ஏற்றுகிற பாதைக்கு அது தாங்காது.

அதனால் மலை விளிம்போடு ரயில் நின்றுவிட்டது. அங்கிருந்து கம்பி வடம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வானத்தில் கட்டிய வடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே கொட்டகுடிக்கு இறங்கின. வடத்துக்கு வளைவு வேண்டாம், மண்வெட்டு வேண்டாம். இறங்குகிற சுமையின் எடையே ஏறுகிற சுமையைத் தூக்க உதவும். வடத்தின் மேல்முனை டாப் ஸ்டேஷன், கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன். டாப் ஸ்டேஷனில் இருந்து குரங்கணிக்கு இறங்கும் நடைபாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்றொரு சிற்றூர் இன்றும் இருக்கிறது. ரயிலே போகாத அந்தச் சரிவில் அப்படியொரு பெயர் எப்படி வந்தது என்று இனி யாரும் குழம்ப வேண்டாம்.

கொட்டகுடியில் இறங்கிய பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்குப் போயின. இதை எழுதுகிற பலர் போடியில் இருந்து ரயிலில் போனதாகச் சேர்த்துவிடுகிறார்கள். போடிக்கு ரயில் வந்தது 1928இல். மலை மேல் ஓடிய ரயில் அதற்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டது. மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், இரண்டும் ஒருநாளும் சந்திக்கவில்லை. இந்தக் கதையில் என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

1924 ஜூலையில் பெய்த மழையைக் கேரளத்தில் இன்னும் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099 என்பதால். வாரக்கணக்கில் விடாமல் கொட்டியது. மலைகள் சரிந்தன, மூணாறு நகரம் மூழ்கியது. ரயிலுக்கு அங்கே தப்பிக்க வழியே இல்லை. மென்மையான சரிவு வேண்டும் என்றுதானே ஆற்றோடு போனது? மலைக்குள் மென்மையான சரிவை அறுத்து வைத்தது ஆறுதான். ரயிலுக்கு வசதியான இடம் வெள்ளத்துக்கும் வசதியான இடம். அதோடு, மலைத் தடத்தில் பாதி அகலம் மலையை வெட்டிய கெட்டி மண். வெளிப்பக்கப் பாதி, வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. நீர் ஊறினால் முதலில் சரிவது அந்த நிரப்பிய பாதி. சிறு பாலங்களின் வாயில் மரமும் பாறையும் வந்து அடைத்தால் கரையே அணையாகி, தேங்கிய நீர் மொத்தமாக உடைத்துக்கொண்டு போகும். 2018இலும் அதற்குப் பிறகும் இதே மலைகளில் சாலைகள் இப்படித்தான் அறுந்தன.

பாதையை மறுபடி போடவில்லை. மோட்டார் லாரியின் காலம் வந்துகொண்டிருந்தது. மேற்கே கொச்சிக்குப் புதிய சாலை அமைந்து, 1935இல் நேரியமங்கலம் பாலமும் திறந்த பிறகு தேயிலை போகும் திசையே மாறியது. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாகிவிட்டது. நல்லதண்ணி தோட்டத்துத் தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நடைக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அவ்வளவு சின்னச் சக்கரத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய மலையை அளந்தார்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு செய்தி சொல்ல வேண்டும். ரயில் ஓடுகிற பாதையில் படத்துக்காக நடக்காதீர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவுப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. இரண்டாவது, டாப் ஸ்டேஷனில் இருந்து குரங்கணிப் பக்கம் இறங்குவதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஓர் அடி வைக்க வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் நடைப்பயணம் வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோடையில் அந்தப் புல் மேடுகள் காய்ந்து கிடக்கும். காற்று கீழிருந்து மேலே வீசும்போது தீ மனிதனைவிட வேகமாக ஏறும். மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கிற மாதங்களைத் தேர்ந்தெடுங்கள், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள், இருட்டுவதற்குள் ஊர் திரும்புங்கள்.

2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் பாதை திறந்தது. இப்போது சென்னையில் ஏறிப் போடியில் இறங்கி, அந்த மலையை அண்ணாந்து பார்க்கலாம். இறங்குகிற பயணிகளுக்கு மலைக்கு மேலேயும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது என்று யாராவது சொல்ல வேண்டும். போடி ரயில் நிலையத்தில் ஒரு பலகை, மாட்டுப்பட்டியிலும் பாலாற்றிலும் டாப் ஸ்டேஷனிலும் ஒவ்வொரு கல். 1902, 1908, 1924 என்ற மூன்று ஆண்டுகளையும் தமிழிலும் மலையாளத்திலும் பொறித்தால் போதும். இரண்டு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது, பெரிய செலவும் இல்லை.