சேர்ந்து போவோம், வரிசையாகப் போவோம்



விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிக்கு காலை ஷிப்டு போகும் நம் குழுப் பெண்கள் ஆறேழு பேர் சேர்ந்துதான் சைக்கிளை எடுக்கிறார்கள். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆனாலும் பஸ் நேரமும் ஷிப்டு நேரமும் எல்லா ஊருக்கும் ஒத்து வரவில்லை. இருட்டு விலகாத நேரத்தில் தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள். சேர்ந்து போனால் தைரியம். அதை நாம் விட வேண்டியதில்லை. எப்படிப் போகிறோம் என்பதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

போன கரும்பு வெட்டு சமயத்தில் நான்கு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போனோம். பின்னால் கரும்பு டிராக்டர் ஹாரன் அடித்தது. "ரோடு என்ன இவங்க வீட்டு ரோடா" என்று நாமும் ஒதுங்கவில்லை. அவரும் பொறுமையில்லாமல் ஒட்டி ஏறினார். ஒரு சகோதரி ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து முழங்கை தேய்ந்தது. அப்புறம் நடந்த வாய்ச்சண்டையைச் சொல்லவே வேண்டாம். கூட்டத்தில் பேசும்போது தப்பெல்லாம் டிரைவர் மேல்தான் என்றோம். யோசித்துப் பார்த்தால் நம் பக்கமும் இருந்தது.

இந்த சைக்கிள் பெண்களுக்குச் சும்மா வந்ததில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கல்குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். கேலி பேசியவர்கள் நிறைய. அப்படி வந்த சைக்கிளை, பயந்துபோய் மூலையில் சாத்தி வைக்கலாமா?

டிரைவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று முதலில் புரிந்துகொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம்மைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அவ்வளவு தூரம் வந்துவிடும். அதன்பிறகுதான் வேகம் குறையும். கரும்பு டிரெய்லரில் பாரம் வண்டியைவிட அகலமாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் விலகிப் போய்விட்டதே என்று நம்பக்கூடாது. லாரி இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கித்தான் வரும். அதனால் லாரிக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் சைக்கிளை நுழைக்கவே கூடாது.

ஒருவர் பின் ஒருவராகப் போவோம். நடுவில் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி இருக்கட்டும். பத்துப் பேர் இருந்தால் ஐந்து ஐந்தாகப் பிரிந்து, நடுவில் நல்ல இடம் விட வேண்டும். முந்திப் போகும் வண்டிக்கு எதிரில் பஸ் வந்தால் அவர் ஒதுங்க அந்த இடம்தான் உதவும். முன்னால் போகிறவர் "குழி" என்று குரல் கொடுக்கணும். கடைசியில் வருகிறவர் "வண்டி" என்று சொல்லணும். கடைசி சைக்கிளின் மட்கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் கட்டாயம். பேச்சை டீக்கடையில் வைத்துக்கொள்வோமே!

இன்னொன்று, சொன்னால் கோபப்படாதீர்கள். உளுந்தையும் கம்பையும் ரோட்டில் காயப்போட்டு கல் வைப்பதும் நாம்தான். அப்புறம் சைக்கிள் போக ஓரம் எங்கே இருக்கும்?

டிரைவர்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. கிட்டே வந்து நீளமாக ஹாரன் அடித்தால் கை தடுமாறும். தூரத்திலேயே சின்னதாக அடித்தால் போதும். எதிரில் வரும்போது லைட்டை டிம் பண்ணணும். முந்தும்போது ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் விடணும். இதைச் சண்டை நேரத்தில் சொன்னால் ஏறாது. லாரி, வேன் ஓட்டுகிறவர்களில் நம் உறுப்பினர்களின் வீட்டுக்காரரும் தம்பியும்தானே இருக்கிறார்கள்!

அப்படி ஒரு உறுப்பினரின் கணவரிடம் கேட்டு, மைதானத்தில் லாரியை நிறுத்தச் சொன்னோம். ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தோம். கிளீனர் பக்கம் கதவை ஒட்டி ஒரு சகோதரி சைக்கிளோடு நின்றார். சீட்டிலிருந்து பார்த்தால் அவர் தலைகூடத் தெரியவில்லை. "எங்கக்கா நிக்கிற?" என்று சீட்டில் இருந்தவர் கத்தினார். "இங்கதான்டி நிக்கிறேன்" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. அந்த அண்ணன் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் தினம் இதே கதைதாம்மா" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு சைக்கிளோடு வாருங்கள். பிரேக் கட்டை, பெல் பார்த்து, ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம். வண்டி ஓட்டுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள்.